புதிய பயிற்றுநரிடம் யாரை ஒப்படைப்பது?

அந்தமானில் மழை ஓய்ந்து அக்டோபரில் கடல் அடங்கும். அதற்கு முன்பே, 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு எனப் பெயர் மாறிய ஹேவ்லாக்கில், ஸ்கூபா மையங்கள் ஆள் எடுக்கத் தொடங்கிவிடும். போன மாதம் சான்றிதழ் வாங்கிய இளைஞர்கள் ஒரு பக்கம், பல சீசன் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். புதியவருக்குச் சம்பளம் குறைவு. சிலிண்டர் தூக்கச் சலித்துக்கொள்ள மாட்டார். பழையவர் கேட்கும் தொகையில் முதலாளிக்கே மூச்சு முட்டும்.

ஸ்கூபா சான்றிதழ் தரும் பி.ஏ.டி.ஐ. அமைப்பின் பயிற்றுநர் தேர்வுக்குப் போக 100 முறை முக்குளித்திருக்க வேண்டும். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்தாலும் மொத்தம் 75 மணி நேரம்தான். அதிலும் பயிற்சியில் மாணவராக நடிப்பவர் கூடப் படிக்கிற இன்னொருவர். ‘மாஸ்க்கில் தண்ணீர் புகுந்ததும் மேலே பாயப் பார்’ என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்புவார்கள். அவர் பாய்வார், இவர் பிடிப்பார், மதிப்பெண் விழும். நடிக்கிறவருக்குப் பயம் இல்லையே, அதுதான் சிக்கல்.

ஹேவ்லாக்கின் நீமோ ரீஃபில் முதன்முறையாக இறங்கும் சுற்றுலாப் பயணியைப் பாருங்கள். பல பேருக்கு நீச்சலே தெரியாது. மூன்று மீட்டர் ஆழத்தில் முதலில் மாறுவது குமிழ்கள்: விட்டு விட்டு வந்தவை திடீரென்று விடாமல் கொட்டும். அடுத்து கண் அகலும். பிறகு கை மாஸ்க்கை நோக்கிப் போகும். எல்லாம் சில நொடிகளில். அனுபவசாலி குமிழ் மாறும்போதே சிலிண்டர் வால்வை ஒரு கையால் பிடித்து, முகத்துக்கு நேரே வந்து, மெல்ல மூச்சு விடச் சொல்லிச் சைகை காட்டிவிடுவார். புதியவர் பெரும்பாலும் கையைத்தான் கவனிப்பார். அதற்குள் ரெகுலேட்டர் வாயை விட்டுப் போயிருக்கலாம். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால், இரண்டு மீட்டர் ஆழத்திலிருந்துகூட, உள்ளே விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடக்கூடும்.

ஆனால் பல மையங்களில் இந்த முதல்முறை ஆட்களைத்தான் புதியவர் தலையில் கட்டுகிறார்கள். மூத்தவர்கள் சான்றிதழ் பெற்ற டைவர்களோடு ஜானிஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினாக்கிள் போன்ற முக்குளிப்பு இடங்களுக்குப் படகேறிவிடுவார்கள். எனக்கு இந்த ஏற்பாடு தலைகீழாகப் படுகிறது. அங்கே நீரோட்டமும் ஆழமும் அதிகம் என்பது உண்மை. ஆனாலும் அங்கே வருகிறவருக்குத் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரியும்.

பழையவர் என்பதற்காகவே யாரையும் கும்பிட வேண்டியதில்லை. இறங்கும் முன் செய்யவேண்டிய சோதனையை விடுவது, விருந்தினருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேமராவைத் திருகுவது, கேட்டால் ‘இத்தனை வருஷமா இப்படித்தான், என்ன ஆச்சு?’ என்பது: பழையவரிடம் இவையும் உண்டு. விதிப் புத்தகத்தை வரிக்கு வரி ஒப்பிக்கும் புதியவர் இந்த இடத்தில் எவ்வளவோ மேல்.

ஆகவே லாக்புக்கில் எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட, யாரோடு இறங்கினார் என்று பார்ப்பது பயன் தரும். சுறாவைத் தேடிப் போன 500 தடவையைவிட, பயந்த மனிதர்களோடு ஆழமில்லாத தண்ணீரில் கழித்த 50 தடவை அதிகம் சொல்லும். மையத்துச் சமையல்காரருக்கு நீச்சல் தெரியாதா? அவர் சம்மதித்தால், புதியவரைச் சோதித்துப் பார்க்க அவரைவிட நல்ல தேர்வாளர் கிடையாது. பக்கத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

சம்பள விஷயமும் இதில் சேர்த்திதான். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுக்கும் இடத்தில் நல்ல பயிற்றுநரும் அடுத்த தலையைப் பார்க்கத் தொடங்குவார். முதல் சீசனுக்காவது புதியவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து, முதல் சில வாரங்கள் மூத்தவரோடு ஒரே விருந்தினரிடம் அனுப்பலாம். ஒரு வேலைக்கு இரண்டு சம்பளமா என்று முதலாளி முணுமுணுப்பார். விமானங்கள் நிரம்பி வரும் டிசம்பர் கடைசி வாரத்தில், யாரைத் தனியாகத் தண்ணீரில் இறக்கலாம் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டுமானால் வேறு வழியில்லை.