வீட்டு வாசல், தோட்டத்தில் லைட் போடப் போறீங்களா? பல்பு வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கவனிங்க!

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையும் பண்டிகைகளும் ஒரே நேரத்தில்தான் வரும். தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ் என்று அக்டோபர் முதல் டிசம்பர் வரை கேட்டிலும் தோட்டத்திலும் புது லைட்டுகள் ஏறும். அதே மாதங்களில்தான் சுவரும் மண்ணும் ஈரத்தில் ஊறிக் கிடக்கும். அதனால் டிசைன், கலர் எல்லாம் அப்புறம். மழையில் நனைந்த லைட் கம்பத்தை ஒரு குழந்தை தொட்டால் என்ன ஆகும் என்பதுதான் முதல் கேள்வி.

எம்.சி.பி இருக்கே, போதாதா?

போதாது. எம்.சி.பி, வயர் சூடாகி எரிந்துவிடாமல் காப்பாற்றும் சாதனம். 10 ஆம்பியர் எம்.சி.பி, அதற்கு மேல் கரண்ட் போனால்தான் ட்ரிப் ஆகும். ஆனால் ஒருவரின் உயிரைப் பறிக்க அதில் நூறில் ஒரு பங்கே போதும்.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. லைனில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமா என்று இது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் கட் செய்துவிடும். கடையில் 100, 300 மில்லி ஆம்பியரிலும் கிடைக்கும். அதெல்லாம் ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பாற்ற உதவாது. 30 என்று கேட்டு வாங்குங்க.

இதோடு எர்த் வயரும் வேண்டும். வெளி லைட்டுக்கு டூ-கோர் வயரை மட்டும் இழுத்துவிட்டுப் போகிற வழக்கம் நிறைய இடங்களில் இருக்கு. எர்த் இல்லாத இரும்புக் கம்பத்தில் கரண்ட் கசிந்தால், அது இறங்க வழியில்லாமல் அப்படியே காத்திருக்கும். யாராவது தொடும்போது அவர் உடம்புதான் வழி. ஆர்.சி.சி.பி அப்போதுதான் வேலை செய்யும். எர்த் இருந்தால், கசிந்த உடனேயே ட்ரிப் ஆகிவிடும். யாரும் தொட வேண்டிய அவசியமே வராது.

'மழை பெய்தாலே ட்ரிப் ஆகுது, தொல்லையா இருக்கு' என்று ஆர்.சி.சி.பி-யைக் கழற்றிவிட்டு நேரடி கனெக்‌ஷன் கொடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இதைவிட ஆபத்தான வேலை வேறில்லை. எங்கோ ஒரு ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்குகிறது என்றுதான் அது சொல்கிறது. வெளி லைட்டுகளுக்குத் தனி சர்க்யூட், தனி ஆர்.சி.சி.பி போட்டுவிட்டால், அது ட்ரிப் ஆனாலும் வீட்டுக்குள் ஃபேன் ஓடும்.

ஐ.பி. 65 என்றால் என்ன?

லைட் பெட்டியில் ஐ.பி. என்று போட்டு இரண்டு இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐ.பி. 20 வீட்டுக்குள் மட்டும். போர்டிகோ கூரைக்குக் கீழே 44 தாங்கும். மழை நேரடியாக அடிக்கிற காம்பவுண்ட் சுவருக்கும் கேட் தூணுக்கும் 65 வேண்டும். தண்ணீர் தேங்கும் புல்தரையில் பதிக்கிற லைட்டுக்கு 67.

லைட் 65 ஆக இருந்தாலும், ஜாயின்ட்டை இன்சுலேஷன் டேப் சுற்றி மண்ணில் புதைத்தால் பிரயோஜனமில்லை. ஜாயின்ட் எல்லாம் தண்ணீர் புகாத ஜங்ஷன் பாக்ஸுக்குள், தரைக்கு மேலே இருக்கட்டும். மண்ணுக்குள் போகிற வயர், மண்வெட்டி எட்டாத ஆழத்தில் ஆர்மர்டு கேபிளாகப் போகட்டும். செடிகளுக்கு நடுவே 12 வோல்ட் லைட்டுகள் இன்னும் பாதுகாப்பு. அடாப்டரை மட்டும் நனையாத இடத்தில் வைக்கணும். சோலார் லைட்டில் ஷாக் பயமே இல்லை, ஆனால் மழை மேகம் மூடிய நாளில் சார்ஜ் ஏறாது.

எங்கே, எவ்வளவு வெளிச்சம்?

ராத்திரி ஒருமுறை கேட்டிலிருந்து கதவு வரை நடந்து பாருங்க. பூட்டு, படிக்கட்டு, சம்ப் மூடி, பாம்பு ஒதுங்கக்கூடிய பக்கச் சந்து. வெளிச்சம் தேவை இங்கேதான். லைட் கீழ்நோக்கி இருக்கட்டும், பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் அடிக்கக் கூடாது. சந்துக்கு மோஷன் சென்சார் நல்லது.

6500 கெல்வின் வெள்ளை லைட் பூச்சிகளை அதிகம் இழுக்கும். 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் போட்டால் தொல்லை குறையும். சென்னை ஈ.சி.ஆர் போலக் கடற்கரையை ஒட்டிய வீடுகளுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. மணலிலிருந்து வெளிவரும் ஆலிவ் ரிட்லி ஆமைக் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்து, கடலை விட்டுவிட்டு ரோட்டுப் பக்கம் போய்விடும். அந்தச் சீசனில் கடல் பார்த்த லைட்டுகளை அணைத்துவிடலாம்.

பில் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம். 9 வாட் எல்.இ.டி ஆறு, தினமும் 12 மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாத பில்லில் சுமார் 39 யூனிட்தான்.

பண்டிகைக்கு சீரியல் செட் போடுபவர்கள் அதை இரும்பு கிரில்லிலோ, துணி காயப்போடும் கம்பியிலோ சுற்றாதீங்க. பழைய செட்டாக இருந்தால், வயர் எங்காவது எலி கடித்திருக்கிறதா என்று முழுசாகப் பார்த்துவிட்டு மாட்டுங்க. மழை தொடங்குவதற்கு முன் ஆர்.சி.சி.பி-யில் இருக்கும் 'டெஸ்ட்' பட்டனை அழுத்திப் பாருங்க. ட்ரிப் ஆகவில்லை என்றால் வெளி லைட் சர்க்யூட்டை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.