மாம்பழத்தில் கரும்புள்ளி... அழுகலை தள்ளிப்போடும் பூண்டு, கிராம்பு!

கிருஷ்ணகிரி:
பெட்டியில் அடுக்கும்போது பளபளன்னு இருந்த மாம்பழம், நாலே நாளில் கரும்புள்ளி விழுந்து அழுகிப்போவது ஏன்?

காரணம் ‘ஆந்த்ராக்னோஸ்’ என்ற பூஞ்சை நோய். பூ, பிஞ்சு பருவத்தில் மழை பெய்யும்போதே தோலுக்குள் புகுந்து பதுங்கிவிடும். காய் பழுத்ததும் வேலையை காட்டும்.

பூண்டில் உள்ள அல்லிசின், கிராம்பில் உள்ள யூஜினால் ஆகியவை இந்த பூஞ்சையை ஒடுக்குவது ஆய்வுக்கூட சோதனைகளில் தெரிய வந்துள்ளது. வேப்பிலை சாறும் அப்படித்தான். ஆனால் மேலே தடவும் சாறு, உள்ளே பதுங்கியதை முழுசாக கொல்லாது. அழுகலை தள்ளித்தான் போடும். கிராம்பு எண்ணெய் அதிகமானால் தோல் கருகும்.

எனவே மாங்காய் மண்டி, தோப்புகளில் கைகொடுப்பது வெந்நீர்தான். பறித்த கையோடு காயை 52 டிகிரி வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் முக்கி, நிழலில் உலர்த்த வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாமல் கைக்கணக்கில் செய்தால், சூடு கூடி தோல் வெந்து நஷ்டம்தான்!