ஆட்டுக்கு ஒரு கணக்கு, பூனைக்கு ஒரு கணக்கு

மூன்று நாளாகச் சோற்றைத் தொடாமல், காதுமடலின் உட்புறமெல்லாம் உண்ணி அப்பிக் கிடக்க, சோர்ந்துபோன நாயொன்றைக் கால்நடை மருத்துவரின் மேஜைமேல் வீட்டார் கிடத்துகிறார்கள். தனக்கு எங்கே நோகிறது, எப்போது தொடங்கிற்று என்று அந்த வாயில்லா ஜீவன் சொல்லப்போவதில்லை. வீட்டார் சொல்வதும் அரைகுறையாகத்தான் இருக்கும். மருத்துவர் உதட்டை விலக்கி ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்க்கிறார். வயிற்றை அழுத்தி மண்ணீரல் பெருத்திருக்கிறதா என்று விரல்களால் உணர்கிறார். பிறகு முன்காலின் சிரையிலிருந்து ஒரு மில்லிலிட்டர் இரத்தம் எடுத்து, ஊதா மூடி போட்ட சிறு குழாயில் விட்டு, அறையின் மூலையிலிருக்கும் பெட்டி போன்ற யந்திரத்திடம் காட்டுகிறார். இரண்டொரு நிமிஷத்தில் அது ஒரு சீட்டை அச்சிட்டுத் தருகிறது. சிவப்பணு இத்தனை, வெள்ளையணு இத்தனை, தட்டணு இத்தனை என்று வரிசையாக எண்கள். “என்ன டாக்டர் காட்டுது?” என்று வீட்டார் கேட்கிறார்கள்.

அதற்கு விடை கூறுமுன் மருத்துவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தச் சீட்டை நம்பலாமா? இரத்த அணுக்களை எண்ணும் இந்த யந்திரம் இன்று சிறு சிகிச்சை நிலையங்களிலும் இடம்பெற்றுவிட்டது. ஆயினும், எந்தப் பிராணியின் இரத்தம் தன்னிடம் வந்திருக்கிறது என்பதை அது தானாக அறியாது. நாம் சொன்னதைக் கேட்டு, நாம் கழுவிவைத்த துளையின் வழியே, நாம் ஊற்றிய திரவத்தில் மிதப்பவற்றை எண்ணித் தருவதுதான் அதன் வேலை. ஆகையால் அந்தச் சீட்டிலுள்ள எண்களின் நாணயம் முழுவதும் அதைக் கையாளுகிறவரின் சிரத்தையில் அடங்கியிருக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணும் விதம்

இரத்தத்தில் நுண்ணிய அணுக்கள் மிதப்பதை ஹாலந்து தேசத்து லேவன்ஹூக் தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லைகளின் வழியே கண்டு 1674-ஆம் ஆண்டு விவரித்தார். அவற்றை எண்ணிக் கணக்கிடும் முறையை ஜெர்மனியில் ஃபியரார்ட் என்னும் மருத்துவப் பேராசிரியர் 1852-இல் வெளியிட்டார். அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம், கட்டம் கட்டமாகக் கோடு கீறிய கண்ணாடித் தட்டில் நீர்த்த இரத்தத்தை விட்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து ஒவ்வொன்றாக எண்ணுவதே வழக்கமாக இருந்தது. ஆரோக்கியமான நாயின் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 55 முதல் 85 இலட்சம் சிவப்பணுக்கள் இருக்கும் என்றால், அந்த வேலையின் சிரமத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

அச்சிரமத்தை நீக்கியவர் அமெரிக்கரான வாலஸ் கூல்ட்டர். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். இரத்த அணுவோ அதை எளிதில் கடத்தாது. எனவே உப்புநீரில் மிதக்கும் அணுக்களை மிகச் சிறிய துளையொன்றின் வழியே ஒவ்வொன்றாகச் செலுத்தி, அதே துளையினூடே மின்னோட்டத்தையும் பாய்ச்சினால், ஓர் அணு கடக்கும் ஒவ்வொரு கணமும் மின்தடை சற்று உயர்ந்து ஒரு துடிப்பு உண்டாகும். துடிப்புகளின் எண்ணிக்கை அணுக்களின் எண்ணிக்கையையும், துடிப்பின் உயரம் அணுவின் பருமனையும் தெரிவிக்கும். 1953-இல் காப்புரிமை பெற்ற இந்தத் தத்துவமே, நுண்ணிய மாறுதல்களுடன், இன்றைய சிறு யந்திரங்கள் பலவற்றுள்ளும் இயங்குகிறது. விலை கூடிய சில யந்திரங்கள் லேசர் ஒளியை அணுக்களின்மீது வீசி, அது சிதறும் விதத்தைக் கொண்டு இனம் பிரிக்கின்றன.

சிவப்பணுவை எண்ண இரத்தத்தைப் பல்லாயிரம் மடங்கு நீர்க்கச் செய்கிறது யந்திரம். வெள்ளையணுவை எண்ணுவதற்கோ, லைஸ் என்று வழங்கும் திரவத்தைச் சேர்த்துச் சிவப்பணுக்களை உடைத்துவிட்டு, எஞ்சியவற்றை எண்ணுகிறது. அப்படி உடைந்த அணுக்களிலிருந்து வெளிப்பட்ட ஹீமோகுளோபினை, பச்சை ஒளியை அது எவ்வளவு விழுங்குகிறது என்பதைக் கொண்டு அளக்கிறது.

பிராணிக்குப் பிராணி வேறு

எண்ணுவது பருமனைக் கொண்டுதான் என்றால், எந்தப் பருமனுக்கு எந்தப் பெயர் என்பதை யார் நிர்ணயிப்பது? இங்கேதான் மனிதருக்கான யந்திரமும் கால்நடைக்கான யந்திரமும் வேறுபடுகின்றன. மனிதரின் சிவப்பணுவின் பருமன் 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர். நாய்க்கு 60 முதல் 77 வரை. பூனைக்கு 39 முதல் 55. வெள்ளாட்டுக்கு 16 முதல் 25 மட்டுமே. நாயின் கணக்கில் அமைத்துவைத்த யந்திரத்தில் ஆட்டின் இரத்தத்தைச் செலுத்தினால், அதன் சிவப்பணுக்களில் பெரும்பாலானவற்றைத் தட்டணுக்கள் என்றே அது கணக்கிட்டுவிடும். சிவப்பணு அதலபாதாளத்துக்கு இறங்கி, தட்டணு வானளாவி நிற்கும் சீட்டு ஒன்று வெளிவரும். ஆட்டுக்கு ஒரு குறையும் இராது; திரையில் பிராணியின் பெயரைத் தேர்ந்தெடுத்த விரல்தான் தவறியிருக்கும்.

பூனையின் விஷயம் இதற்கு நேர்மாறானது. அதன் தட்டணுக்களில் சில சிவப்பணு அளவுக்கே பெரியவை. போதாக்குறைக்கு, இரத்தம் எடுக்கும் பொழுதே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரளாகிவிடும் சுபாவம் உடையவை. பெரியவற்றைச் சிவப்பணு என்றும், திரண்டவற்றைச் சில வேளை வெள்ளையணு என்றும் யந்திரம் எண்ணிவிடுவதால், நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் பூனைக்கும் தட்டணு குறைவு என்று சீட்டு வருவது சகஜம். பறவைகளிலோ சிவப்பணுவுக்குள்ளேயே உட்கரு உண்டு. லைஸ் திரவத்தால் அந்த உட்கரு கரைவதில்லை. ஆகவே கோழியின் இரத்தத்தைச் சாதாரண யந்திரத்திடம் கொடுத்தால் வெள்ளையணுக் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். அதற்கென நாட், ஹெரிக் என்னும் இருவர் 1952-இல் வகுத்த சாயத் திரவத்தையும் பழைய கண்ணாடித் தட்டையும் இன்றும் நாடவேண்டியிருக்கிறது.

குழாயிலேயே நிகழும் பிழைகள்

யந்திரத்தின்மீது சுமத்தப்படும் பழிகளில் பெரும்பகுதி உண்மையில் இரத்தம் எடுக்கும் மேஜையைச் சேர்ந்தவை. ஊதா மூடிக் குழாயில் இ.டி.டி.ஏ. என்னும் உறையாமைப் பொருள் குறிப்பிட்ட அளவு இரத்தத்துக்கு என்றே வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு மில்லிலிட்டர் குழாயில் அரை மில்லிலிட்டர் மட்டும் விட்டால் மருந்து மிகுந்து சிவப்பணுக்கள் சுருங்கும்; கோட்டுக்கு மேல் நிரப்பினால் மருந்து போதாமல் இரத்தம் உறையும். பூனைக்குட்டி போன்ற சிறு பிராணிகளுக்குச் சிறு குழாயை எடுப்பதே முறை.

ஊசியைப் பலமுறை குத்தித் தேடாமல் ஒரே குத்தில் சிரையைப் பிடிக்க வேண்டும். சிரிஞ்சிலிருந்து ஊசியைக் கழற்றிவிட்டு, இரத்தத்தைக் குழாயின் சுவரோரமாக மெல்ல வழியவிட வேண்டும். மூடியபின் எட்டுப் பத்து முறை நிதானமாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டுமே தவிர, குலுக்கலாகாது. மெல்லிய குச்சியொன்றை விட்டுச் சுழற்றி, நூல்போல் உறைகட்டி தட்டுப்படுகிறதா என்று பார்த்த பிறகே யந்திரத்திடம் நீட்ட வேண்டும்; கண்ணுக்கு எட்டாத ஒரு சிறு கட்டி போதும், அந்தத் துளையை அடைக்க. குதிரையின் இரத்தமோ குழாயை நிறுத்திய சில நிமிஷங்களிலேயே அடியில் படியத் தொடங்கிவிடும். அதைக் கலக்கிய கையோடு செலுத்தாவிட்டால், மேலே தெளிந்த நீரை உறிஞ்சிச் சோகை என்று தீர்ப்புக் கூறிவிடும் யந்திரம். பயத்தாலும் பரபரப்பாலும் வெள்ளையணு உயர்வதுண்டு. நாயின் மண்ணீரல் சுருங்கிச் சிவப்பணுவை உயர்த்துவதும் உண்டு. எனவே பிராணியைத் தடவிக் கொடுத்து அமைதிப்படுத்துவது கருணை மாத்திரமன்று. பரிசோதனையின் முதற்படியும் அதுவே.

கண்ணால் காண்பது

எந்த யந்திரம் வந்தாலும் ஒழியக்கூடாத பழக்கம், ஒவ்வோர் இரத்தத்துக்கும் ஒரு ஸ்மியர் தேய்ப்பது. ஒரு துளி இரத்தத்தை ஸ்லைடில் வைத்து மற்றொரு ஸ்லைடால் இழுத்து, உலரவிட்டு, சாயமேற்றி, முதலில் அதன் வால்நுனியைப் பார்க்க வேண்டும். திரண்ட தட்டணுக்கள் அங்கேதான் ஒதுங்கியிருக்கும். திரள் தென்பட்டால், சீட்டிலுள்ள தட்டணு எண்ணைக் கோடிட்டு அடித்துவிடலாம். தென்படாவிட்டால், எண்ணெய் விட்டுப் பார்க்கும் பெரிய லென்ஸில் ஒரு பார்வைப் புலத்துக்கு எத்தனை தட்டணு என்று பத்து இடங்களில் எண்ணிச் சராசரி கண்டு, ஒன்றுக்கு 15,000 முதல் 20,000 வரை என்று பெருக்கினால் உத்தேசக் கணக்குக் கிடைக்கும்.

யந்திரம் காணமுடியாத வேறு பலவும் ஸ்லைடில் பிரத்தியட்சமாகும். சிவப்பணுவுக்குள் ஜோடியாகப் பேரிக்காய் வடிவில் அமர்ந்திருக்கும் பபீசியா, கலப்பினப் பசுக்களை வாட்டும் தைலேரியா என்னும் ஒட்டுண்ணிகள், கடுமையான தொற்றில் முதிருமுன்பே வெளிவந்துவிடும் இளம் வெள்ளையணுக்கள் ஆகியவற்றுக்கு, அணுக்களை மூன்று வகையாக மட்டும் பிரிக்கும் சிறு யந்திரத்தின் சீட்டில் இடமில்லை. தவிரவும், ஹீமோகுளோபின் எண்ணை மூன்றால் பெருக்கினால், சுழற்றிப் படியவைத்த இரத்தத்தில் சிவப்பணுப் பகுதியின் சதவீதத்துக்கு ஏறக்குறைய ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால், உணவு உண்ட உடனே எடுத்த இரத்தம் கொழுப்பால் பால்போல் வெளுத்திருக்கிறதா, குழாயிலேயே அணுக்கள் உடைந்துவிட்டனவா என்று ஆராய வேண்டும்.

நாள்தோறும் செய்யும் பணிவிடை

காலையில் யந்திரத்தை இயக்கியதும், இரத்தம் ஏதும் இன்றி வெறும் நீர்ப்புத் திரவத்தை மட்டும் எண்ணச் செய்ய வேண்டும். எல்லா எண்களும் பூஜ்யத்தை ஒட்டி நிற்பதே நியாயம். தட்டணு மட்டும் ஆயிரக்கணக்கில் காட்டினால், திரவத்தில் தூசியோ காற்றுக்குமிழியோ புகுந்துவிட்டது என்று கொள்ளலாம். தூசியும் தட்டணுவும் அதன் அளவுகோலுக்கு ஒன்றே. திரவப் புட்டி மாற்றும்போது உறிஞ்சுகுழலை மேஜைமேல் வைக்காமலும், பழைய மீதியைப் புதியதோடு கலக்காமலும் இருப்பது இத்தொல்லையைப் பெரும்பாலும் தவிர்க்கும். முடி வெட்டும் இடத்துக்கும் ஜன்னல் வெயிலுக்கும் எட்டாத மூலையில், செண்ட்ரிஃப்யூஜ் அதிராத தனி மேஜையில், நல்ல எர்த் இணைப்பும் யு.பி.எஸ்.ஸும் கொடுத்து அதை வைக்க வேண்டும்.

அடுத்தது, எண்ணிக்கை முன்னதாகவே தெரிந்த கண்ட்ரோல் இரத்தத்தைச் செலுத்திப் பார்ப்பது. 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைத்திருக்கும் அந்தச் சிறு குப்பியை வெளியே எடுத்து, அறையின் வெப்பத்துக்கு வரவிட்டு, உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிக் கலக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். வந்த எண்ணைக் கட்டத்தாளில் நாளுக்கொரு புள்ளியாக வைத்துவரும் வழக்கத்தை லீவி, ஜென்னிங்ஸ் என்னும் இருவர் 1950-இல் மருத்துவ ஆய்வுக்கூடங்களுக்கு அறிமுகப்படுத்தினர். ஒரு புள்ளி திடீரென்று துள்ளினால் அன்றைய கைப்பிழையாக இருக்கலாம். புள்ளிகள் நாளுக்கு நாள் ஒரே திசையில் சரிந்துவந்தால், துளையில் புரதம் படிகிறது அல்லது திரவம் கெடுகிறது என்று பொருள். அப்போது காரணத்தைத் தேடாமல், அளவீட்டையே திருத்தி எண்ணைச் சரிக்கட்டுவது, காய்ச்சல் இருக்கும்போது வெப்பமானியின் கோட்டை அழித்து எழுதுவதற்கு ஒப்பாகும்.

துளை அடைத்துக்கொண்டால், உயர் மின்னழுத்தத்தால் சுட்டெரிப்பதும் திரவத்தைப் பின்னோக்கிப் பாய்ச்சுவதும் யந்திரத்திலேயே அமைந்த உபாயங்கள். அவற்றுக்கும் மசியாவிட்டால், தயாரிப்பாளர் குறித்த செறிவில் பிளீச்சிங் திரவத்தை ஊறவைத்துக் கழுவ வேண்டும். உறிஞ்சும் ஊசியைத் துடைத்துவிடும் சிறு வளையத்தில் உலர்ந்த இரத்தமும் உப்பும் பூத்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதை ஈரப்பஞ்சால் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். கழிவுப் புட்டியை வெறுங்கையால் தொடாமலும், பிளீச்சிங் திரவத்தை அமிலம் எதனோடும் சேர்க்காமலும் இருப்பது உயிர்ப் பாதுகாப்பு.

மேஜைமேல் கிடத்திய நாயிடம் திரும்புவோம். சீட்டில் தட்டணு 40,000 என்று இருக்கிறது. இரண்டு இலட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியது. மருத்துவர் ஸ்மியரின் வால்நுனியைத் துருவிப் பார்க்கிறார்; திரள் இல்லை. நடுப்பகுதியில் புலத்துக்கு இரண்டோ மூன்றோதான் தட்டணு. காலையில் வைத்த கண்ட்ரோல் புள்ளி கோட்டுக்குள் இருக்கிறது. யந்திரமும் கண்ணும் ஒன்றையே கூறுவதால், உண்ணியால் பரவும் எர்லிக்கியா என்ற கிருமியைச் சந்தேகித்து, அதை உறுதி செய்யும் சோதனைக்கு எழுதிவிட்டு, தாமதிக்காமல் டாக்ஸிசைக்ளின் தொடங்க அவருக்குத் துணிவு பிறக்கிறது. “இரத்தம் உறையவைக்கிற அணு ரொம்பக் குறைஞ்சிருக்கு, மருந்தை இருபத்தெட்டு நாளும் விடாமக் கொடுங்க” என்று வீட்டாரிடம் சொல்கிறார்.

இரவு கடைசிப் பிராணியும் சென்றபின், விளக்கை அணைக்குமுன், உதவியாளர் கழுவு திரவத்தை வைத்து யந்திரத்தை முறைப்படி நிறுத்துகிறார். அதற்குச் சில நிமிஷங்கள் பிடிக்கும். பகல் முழுதும் நின்ற கால்களோடு அந்தச் சில நிமிஷங்களைக் கொடுப்பது எளிதன்று. ஆனால் நாளைக் காலை வரப்போகும் ஒரு வெள்ளாட்டின் கணக்கு மெய்யாக வருமா என்பது அப்பொழுதே தீர்மானமாகிவிடுகிறது.