ஆண்டுக்கு 525 நிமிடம்: ஹோஸ்ட் சர்வர் கண்காணிப்பின் கணக்கு

ஆண்டுக்கு 8,760 மணி நேரம். சர்வீஸ் 99.9 சதவீதம் ஓடும் என்று வாக்குக் கொடுத்தால், நின்றுபோக அனுமதி 525.6 நிமிடம். 99.99 என்றால் 52.56 நிமிடம்தான். ஒப்பந்தத்தில் இன்னொரு 9 சேர்த்து எழுத ஒரு நொடி போதும். ஆனால் அந்த 52 நிமிடத்தில் எவ்வளவு, கோளாறு நடந்திருப்பதே தெரியாமல் கரைகிறது என்று கணக்குப் பார்ப்பவர்கள் குறைவு.

சின்ன அமைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மெய்நிகராக்க மென்பொருள் ஓடும் ஹோஸ்ட் 3. தலா 20 விஎம் (மெய்நிகர் எந்திரம்), ஆக 60. ஹோஸ்டுக்கு 8 சோதனை, விஎம்முக்கு 5. மொத்தம் 324. நேகியாஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் 5 நிமிடத்துக்கு ஒரு முறை சோதிக்கிறது. தவறினால் 1 நிமிட இடைவெளியில் மறுசோதனை; மூன்றாவது முறையும் தவறினால்தான் அலர்ட். சோதனை முடிந்த மறுநொடியே சர்வீஸ் விழுந்தால், அடுத்த சோதனைக்கு 5 நிமிடம், மறுசோதனைகளுக்கு 2. ஏழு நிமிடம் கழித்துத்தான் போன் அடிக்கும். சராசரியாகப் பார்த்தாலும் நாலரை. 99.99 வாக்குக் கொடுத்தவருக்கு ஆண்டில் இப்படி 7 கோளாறு வந்தால், விஷயம் தெரியவருவதற்கே 49 நிமிடம் போய்விடும். சரிசெய்ய மிச்சம் மூன்றரை நிமிடம். அதற்குள் பல சர்வர்கள் பூட் ஆகிக்கூட முடிக்காது.

சோதனை இடைவெளியை 1 நிமிடமாக்கினால் அந்த 7 நிமிடம் 3 ஆகும். நாளுக்கு 93,312 ஆக இருந்த சோதனை 4,66,560 ஆகும், நொடிக்கு 5.4. இன்றைய சாதாரண சர்வருக்கு இது ஒரு வேலையே இல்லை. மறுசோதனையையும் எடுத்துவிட்டு, முதல் தவறுக்கே அலர்ட் அனுப்பினால் என்ன? வேண்டாம். நெட்வொர்க் விக்கலால் பத்தாயிரத்தில் ஒரு சோதனை பொய்யாகத் தவறுகிறது என்று வைத்தாலே நாளுக்குச் சுமார் 47 பொய் அலர்ட். ஒரே வாரத்தில் அந்த போனை எடுக்க ஆள் இருக்காது.

கண்காணிப்பில் சேரும் எண்களைச் சேமிக்கும் செலவும் பயப்படும்படி இல்லை. அவற்றைச் சேமிக்கும் புரோமீதியஸ் என்ற மென்பொருள் ஒரு அளவீட்டுக்குச் சராசரியாக 1 முதல் 2 பைட் எடுக்கும். 63 எந்திரம், தலா 1,000 அளவீடு, 15 நொடிக்கு ஒரு முறை என்றால் நாளுக்கு 36.29 கோடி. அது இயல்பாக வைத்திருக்கும் 15 நாளுக்கும் சேர்த்து, 2 பைட் வீதம், 10.9 ஜிபி.

எதைச் சோதிப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஹோஸ்டின் 8 சோதனையில் பிங் ஒன்றே ஒன்று. பிங் பதில் வந்ததும் ஹோஸ்ட் நலம் என்பது, வாசலில் விளக்கு எரிகிறது, வீட்டில் எல்லாரும் சௌக்கியம் என்பது போல. ப்ராக்ஸ்மாக்ஸில் பிவிஇஸ்டாட்டி என்ற சர்வீஸ் 10 நொடிக்கு ஒரு முறை விஎம்கள், ஸ்டோரேஜ்களின் நிலையைச் சேகரிக்கும். இணைத்திருக்கும் என்எஃப்எஸ் சர்வர் பதில் தராமல் தொங்கினால் இதுவும் கூடவே தொங்கலாம். பிங் பதில் வரும், விஎம்கள் ஓடும், வலைத்திரைக்கான 8006 போர்ட்டும் திறந்திருக்கும். திரையில் மட்டும் விஎம்கள் சாம்பல் நிறக் கேள்விக்குறியாக நிற்கும். சிஸ்டம்டியைக் கேட்டாலும் சர்வீஸ் ஓடுகிறது என்றே சொல்லும். ஆகவே ஓடுகிறாயா என்று கேட்டுப் பயனில்லை. கடைசியாக எப்போது எண்ணைப் புதுப்பித்தாய் என்று கேட்க வேண்டும். 60 நொடிக்கு மேல் பழைய எண் என்றால் அலர்ட்.

ஹோஸ்டே விழுந்தால் நேகியாஸ் 21 அலர்ட் அனுப்பும்: ஹோஸ்டுக்கு 1, விஎம்களுக்கு 20. எந்த விஎம் எந்த ஹோஸ்டின் கீழ் என்று எழுதிவைத்து, எட்ட முடியாதவற்றுக்கு அலர்ட் வேண்டாம் என்று அடைத்தால் 21, 1 ஆகும். ஆனால் விஎம்கள் ஓரிடத்தில் இருப்பதில்லை. எச்ஏ (ஹோஸ்ட் விழுந்தால் விஎம்களை வேறிடத்தில் எழுப்பும் வசதி) வைத்திருந்தால் சுமார் 2 நிமிடத்தில் அவை வேறு ஹோஸ்டில் எழுந்துவிடும், எழுதிவைத்த வரி பழசாகிவிடும். அந்தப் பட்டியலை ப்ராக்ஸ்மாக்ஸிடமிருந்தே அவ்வப்போது ஒரு ஸ்கிரிப்ட் எடுத்து எழுத வேண்டும். கையால் பராமரிக்க முடியாது.

கடைசியாக மெமரி. ஹோஸ்டுக்கு 256 ஜிபி, விஎம்முக்கு 8 வீதம் 160 ஜிபி ஒதுக்கீடு: 62.5 சதவீதம். 80-ல் எச்சரிக்கை வைத்தவருக்கு எல்லாம் பச்சை. ஒரு ஹோஸ்ட் விழுந்து அதன் 20 விஎம்மும் பத்துப் பத்தாக மற்ற இரண்டில் ஏறினால், ஒவ்வொன்றிலும் 240 ஜிபி. ப்ராக்ஸ்மாக்ஸை இசட்எஃப்எஸ் கோப்பு முறையில் புதிதாக நிறுவியிருந்தால் அதன் கேஷுக்கு உச்சவரம்பு 16 ஜிபி. கூட்டினால் 256. ஹோஸ்டுக்கென்று மிச்சம் பூஜ்யம். மெமரி தீர்ந்தால் லினக்ஸ் கர்னல் எதையாவது கொல்லும். பெரிதாகக் கண்ணில் படுவது ஏதோ ஒரு விஎம்தான். மூன்று ஹோஸ்ட் வைத்திருப்பவர்கள் விஎம் ஒதுக்கீட்டுக்கான எச்சரிக்கையை 60 சதவீதத்துக்கு இறக்குங்கள். அப்போது ஒன்று விழுந்தாலும் மற்ற இரண்டில் தலா 9.6 ஜிபி மிஞ்சும்.