பூவரசும் அதன் உறவினங்களும்

பூவரசை வேலியில் நாட்டி, அதன் குழையை வயலிலும் தோட்டத்திலும் தாழ்ப்பது யாழ்ப்பாணத்துக் கமக்காரரின் நெடுநாள் வழக்கமாகும். என்றும் பசுமையான இம்மரம் அரசின் இனமன்று. இலையே அரசிலையை ஒக்கும். செவ்வரத்தை, பருத்தி, வெண்டி என்பன அடங்கிய மல்வேசியேக் குடும்பத்தைச் சேர்ந்தது.

1753 இல் இலினேயசு இதனைச் செவ்வரத்தையின் சாதியாகிய ஐபிசுக்கசில் அடக்கினார். 1807 இல் தெசுப்பீசியா என்னும் தனிச் சாதியில் வைக்கப்பட்டது. வேறுபாட்டை அறிய ஒரு பூவைப் பிளந்து பார்த்தாற் போதும். செவ்வரத்தையின் தம்பம் நுனியில் ஐந்தாகப் பிரியும்; பூவரசிலோ பிரியாது தடித்து நிற்கும். காலையில் மஞ்சளாக விரியும் பூ, வாடும்போது செந்நிறமடையும். காய் முற்றினாலும் வெண்டிக்காய்போல் வெடிப்பதில்லை.

இது அவரையினமன்று. ஆதலின், சணலைப்போல் வேர்முடிச்சுகளால் வளியிலுள்ள நைதரசனைச் சேர்த்துத் தராது. மண்ணிலிருந்து பெற்றதையே குழை மூலம் திருப்பித் தரும்.

உறவினால் வரும் தீங்கொன்றும் உண்டு. பருத்தியைத் தாக்கும் சிவப்பு மூட்டுப்பூச்சி பூவரசின் வித்தையும் உண்டு பெருகும், வெண்டியையும் விடாது. ஆகவே, வெண்டிப் பாத்தியை அடுத்த வேலியில், காய் முற்றுமுன் கிளைகளைத் தறித்துக் குழையாகப் பயன்படுத்துக. உதிர்ந்த காய்களைப் பொறுக்கி எரித்துவிடுக.