கரண்டு ரேஸ் கார் கவிழ்ந்தால்... டாக்டர் முதலில் பார்ப்பது விளக்கைத்தான்!

2021 பிப்ரவரி 27-ந்தேதி இரவு. சவுதி அரேபியாவின் திரியா நகரில் ‘பார்முலா இ’ மின்சார கார் பந்தயம். நம்ம நாட்டு மகிந்திரா அணிக்காக ஓட்டிய இங்கிலாந்து வீரர் அலெக்ஸ் லின்னின் கார், இன்னொரு காருடன் உரசி அந்தரத்தில் பறந்தது. தலைகீழாக விழுந்து சறுக்கிக்கொண்டே போய் நின்றது.

பந்தயம் நிறுத்தப்பட்டது. லின் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகப்பட்டார். நல்லவேளை, உயிருக்கு ஆபத்து இல்லை.

இந்த மாதிரி நேரத்துக்காகவே காத்திருப்பது மருத்துவ கார். இதை ஆம்புலன்ஸ் என்று நினைத்துவிட வேண்டாம். அடிபட்டவரை ஏற்றிப்போகிற வேலை இதுக்கு கிடையாது. டாக்டரை அடிபட்டவரிடம் கொண்டுபோய் சேர்ப்பதுதான் வேலை. கைதேர்ந்த டிரைவர், பக்கத்தில் டாக்டர், ஆக்சிஜன், கழுத்துப் பட்டை, தீயணைப்பு கருவி எல்லாம் தயாராக இருக்கும்.

இதன் பின்னால் ஒரு சோகக்கதை உண்டு. 1978-ல் இத்தாலியின் மோன்சாவில் பெட்ரோல் கார் பந்தயம். தொடங்கியதுமே விபத்து. சுவீடன் வீரர் ரோனி பீட்டர்சனின் கால்கள் நொறுங்கின. ஆம்புலன்ஸ் வரவே 10 நிமிடத்துக்கு மேல் ஆனது. மறுநாள் அவர் இறந்து போனார். டாக்டர் சிட் வாட்கின்ஸ் விடவில்லை. முதல் ரவுண்டில் டாக்டர் கார் பின்னாலேயே வரவேண்டும் என்று பிடிவாதமாக நின்று சாதித்தார்.

அதன் பலன் 2020 நவம்பரில் பஹ்ரைனில் தெரிந்தது. ரோமைன் குரோஜானின் கார் இரண்டாகப் பிளந்து தீப்பிடித்தது. பின்னால் வந்த மருத்துவ கார் சில வினாடிகளில் அங்கே நின்றது. குரோஜான் தீயிலிருந்து உயிரோடு வெளியே வந்தார்.

ஆனால் மின்சார காரில் அப்படி ஓடிப்போய் தொட்டுவிட முடியாது. வீட்டு கரண்டு 230 வோல்ட். அதுக்கே ஆள் காலி. இந்த கார் பேட்டரியில் அதைப்போல மூணு மடங்குக்கு மேல். காரின் உடம்போ கார்பன் பைபர். பார்க்க பிளாஸ்டிக் மாதிரி இருந்தாலும் கரண்டு பாயும். மோதியதில் பேட்டரியின் காப்பு கிழிந்திருந்தால், தொட்டவர் கதி என்ன?

அதனால்தான் காரில் ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள். பச்சை எரிந்தால் தொடலாம். சிவப்பு எரிந்தால் தொடக்கூடாது. எதுவுமே எரியாவிட்டாலும் ஆபத்து என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கரண்டு தாங்கும் ரப்பர் கையுறை போட்டவர்கள்தான் கிட்டே போகலாம். உள்ளே ஒருவர் துடித்துக்கொண்டிருக்க, டாக்டர் விளக்கைப் பார்த்து நிற்பது லேசான காரியமா?

2014-ல் பெய்ஜிங்கில் இந்தப் பந்தயம் தொடங்கியபோது, பி.எம்.டபிள்யூ. ஐ3 என்ற சின்ன கார்தான் மருத்துவ காராக ஓடியது. அதுவும் மின்சார கார்தான்.

பேட்டரி தீ இன்னொரு தலைவலி. அணைந்த மாதிரி இருந்து மறுபடி பற்றிக்கொள்ளும். 2023 அக்டோபரில் ஸ்பெயினின் வலென்சியாவில் சோதனை ஓட்டம் நடந்தபோது, ஓடுகிற காரில்கூட இல்லை, ஷெட்டில் இருந்த பேட்டரியே தீப்பிடித்தது. ஒருவர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார்.

வீரர்களுக்கும் பயிற்சி உண்டு. சிவப்பு எரிந்தால் ஒரு காலை காரில் வைத்து மறுகாலை தரையில் ஊன்றக்கூடாது. காரின் மேல் ஏறி நின்று, இரண்டு காலையும் சேர்த்து ஒரே தாவாகத் தாவிக் குதிக்க வேண்டும்.