2⁶⁷ − 1 (மெர்சென் எண்)

2⁶⁷ − 1 என்பது 21 இலக்கங்கள் கொண்ட ஒரு பகு எண் ஆகும். இதன் மதிப்பு 14,75,73,95,25,89,67,64,12,927. சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களிலும் தானிய மணிகளை இரட்டித்துக்கொண்டே போகும் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். அதில் வரும் மொத்த மணிகளை எட்டால் பெருக்கி ஏழைக் கூட்டினால் இந்த எண் கிடைக்கும். இரும எண்முறையில் எழுதினால் இது வரிசையாக 67 ஒன்றுகள், அவ்வளவுதான்.

2-இன் அடுக்கு ஒன்றிலிருந்து 1-ஐக் கழித்துப் பெறும் எண்கள் மெர்சென் எண்கள் எனப்படும். அடுக்கு பகு எண் எனில் மெர்சென் எண்ணும் பகு எண்ணே. ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருப்பது மட்டும் போதாது. 11 பகா எண்; 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

வரலாறு

பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென் 1644-இல் வெளியிட்ட நூலில், 257 வரையிலான அடுக்குகளில் பகா எண்ணைத் தருபவை 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்று மட்டுமே என்றார். இப்பட்டியலில் 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 விடுபட்டவை. 61 என்பதே 67 என அச்சாகிவிட்டது என்று கருதுவோரும் உண்டு.

1876-இல் எதுவார் லூக்கா இது பகு எண் என நிறுவினார். வியப்பு என்னவென்றால், ஒரு காரணியைக்கூட அவர் கண்டறியவில்லை. அவரது முறை பின்னர் லேமரால் எளிமையாக்கப்பட்டது: 4-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளின் முடிவில் மீதி பூச்சியமானால் அது பகா எண். இல்லையேல் பகு எண். 31-க்கு (2⁵ − 1) செய்து பார்த்தால் 4, 14, 8, 0 என மூன்றே படிகளில் முடிகிறது. 67-க்கு 65 படிகள், மீதி பூச்சியமாவதில்லை.

காரணிகள் 1903-இல்தான் கிடைத்தன. அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் அறிவித்த முடிவு:

193707721 × 761838257287

கோல் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்றும், இதற்கு மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவாயின என்றும் எரிக் டெம்பிள் பெல் எழுதியுள்ளார். கோல் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட கதை இது, சற்று மெருகேறியிருக்கலாம்.

காரணிகளின் வடிவம்

இந்த எண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 1,215 கோடி. அதுவரை எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. இதன் எந்தப் பகாக் காரணியிலிருந்தும் 1-ஐக் கழித்தால் 134-இன் (2 × 67) மடங்கு வர வேண்டும். மேலும் அக்காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆக இருக்க வேண்டும். மேலே 2047-இன் காரணிகளான 23, 89 இரண்டும் 22-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருப்பதைக் கவனிக்கவும். கோலின் சிறிய காரணி 134 × 14,45,580 + 1. பெரியது 134 × 568,53,60,129 + 1. இந்த இரு நிபந்தனைகளையும் கொண்டு தேடினால், சிறிய காரணியை எட்டும்வரை சோதிக்க வேண்டியவை சுமார் 7,23,000 எண்கள் மட்டுமே. கணினிக்கு இது நொடிப்பொழுது வேலை. கையால் செய்வோருக்கு அதுவும் மலைதான்; கோல் இருபடி எச்சங்களைப் பயன்படுத்தித் தேடலை மேலும் சுருக்கினார்.

போலிப் பகா எண்

இரு காரணிகளும் பகா எண்கள் என்பதால் இது ஓர் அரைப்பகா எண். பெர்மாவின் சிறிய தேற்றத்தை 2-ஐ அடிமானமாகக் கொண்டு சோதனையாகப் பயன்படுத்தினால், இது பகா எண் போலவே தேறிவிடும். 2⁶⁷-ஐ இந்த எண்ணால் வகுத்தால் மீதி 1. இந்த எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் 2⁶⁷ − 2, 67-இன் மடங்கு. ஆகவே 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் மீதி 1-தான். பகா அடுக்கு கொண்ட பகு மெர்சென் எண்கள் அனைத்தும் இப்படியே ஏமாற்றுவதால், அவற்றுக்கு லூக்காவின் சோதனை தேவைப்படுகிறது.